விரலுக்கு விலை பேசுகிறார்கள்!

அறுந்த கையை ஒட்டும் விஞ்ஞானம் வந்துவிட்டது; அது ஆலை வாசலுக்கும் களத்து மேட்டுக்கும் வர வேண்டாமா?

மில்லில் ஒரு மெஷின் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? மானேஜர் ஓடி வருகிறார். ராத்திரி 12 மணியானாலும் மெக்கானிக்கைப் படுக்கையிலிருந்து எழுப்பிக்கொண்டு வருகிறார்கள். ஸ்பேர் பார்ட் வெளியூரில்தான் கிடைக்கும் என்றால் கார் பறக்கிறது. காலை ஷிப்டுக்குள் மெஷின் ஓடியாக வேண்டும். ஏனென்றால் அது முதலாளியின் சொத்து. ஒரு மணி நேரம் நின்றால் ஒரு மணி நேர லாபம் போச்சு!

அதே மெஷினில் ஒரு தொழிலாளியின் விரல் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கிறது? கையில் கிடைத்த துணியைச் சுற்றுகிறார்கள். "ஏன் கையை விட்டாய்?" என்று மேஸ்திரி திட்டுகிறார். கம்பெனிக்கு வேண்டிய டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். தொங்குகிற விரலை நறுக்கிப் போட்டுவிட்டு, நாலு தையல் போட்டு அனுப்புகிறார்கள். இந்தக் கையைச் சரிசெய்ய முடியுமா, எங்கே முடியும், எத்தனை மணி நேரத்துக்குள் முடியும் என்று கேட்பார் இல்லை. மெஷினுக்கு ரிப்பேர் உண்டு, மனிதனுக்கு இல்லை!

தோழர்களே, தொழிலாளிக்கு நிலம் இல்லை, பாங்கியில் பணம் இல்லை. அவனுக்கும் அவளுக்கும் உள்ள ஒரே முதல் இரண்டு கைகள். அந்தக் கைகளைத்தான் தினமும் ஷிப்டுக்கு விற்கிறோம். அந்தக் கை போனால் அரிசி போயிற்று, பிள்ளைகளின் படிப்பு போயிற்று, வட்டிக்காரன் வாசலுக்கு வந்தாயிற்று. ஆகவே கையைக் காப்பாற்றுகிற வைத்தியம் என்பது ஏதோ பணக்கார வீட்டுச் சமாசாரம் அல்ல. கூலி, போனஸ், எட்டு மணி நேர வேலை ஆகியவற்றைப்போல அதுவும் நமது கோரிக்கை.

உடம்புக்கு ஒரு விலைப் பட்டியல்

1923-ல் வெள்ளைக்கார சர்க்கார் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தோடு ஒரு அட்டவணை இணைக்கப்பட்டது. சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போயிற்று என்று அது உறுப்பு உறுப்பாகக் கணக்குப் போட்டது. பிற்பாடு திருத்தப்பட்ட அந்த அட்டவணைப்படி, கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. ஒரு கையில் நாலு விரலும் போனால் 50. இரண்டு கையும் போனால் 100. முகம் மிக மோசமாகச் சிதைந்தாலும் 100.

கசாப்புக் கடைப் பலகையில் தொடைக்கறி இவ்வளவு, ஈரல் இவ்வளவு என்று எழுதிப் போடுவார்களே, அந்த மாதிரி!

நஷ்டஈடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பணத்தையும் முதலாளிகள் தாமாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அதற்காகத் தொழிற்சங்கங்கள் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கின. ஒரு காசுகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நாம் கேட்பது இது: ஆள்காட்டி விரல் போன தொழிலாளி 14 சதவீதம்தான் குறைந்துவிட்டாராம். மிச்சம் 86 சதவீதத் தொழிலாளிக்கு எந்த மில்லில் வேலை வைத்திருக்கிறார்கள்? இழை அறுந்தால் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்துதானே முறுக்கிச் சேர்க்க வேண்டும்? விரல் போனவரை 86 சதவீதம் கூலி கொடுத்தா வைத்துக்கொள்கிறார்கள்? நூற்றுக்கு நூறு வெளியேதானே அனுப்புகிறார்கள்!

சட்டத்தின் பெயர் 2009-ல் மாறியது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை விழுங்கியது. உறுப்புக்குச் சதவீதம் போடுகிற முறை மட்டும் மாறவில்லை. விரல் போன பிறகு என்ன விலை என்று சட்டம் பேசுகிறது. விரல் போகாமல் காப்பாற்றுவது யார் பொறுப்பு என்று உரத்துப் பேச அதற்கு வாய் வரவில்லை.

யானைத் தலையும் செங்கல் அறுப்பவரும்

சிதைந்த உறுப்பைச் சீர்செய்யும் ரண சிகிச்சைக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி என்று பெயர். பெயரைக் கேட்டதும் பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் பை ஞாபகம் வருகிறது. அந்தப் பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குயவர் மண்ணைப் பிடித்து உருவாக்குவதுபோல வனைந்து உருவாக்குவது என்று கிரேக்க பாஷையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

இந்த வைத்தியத்தின் சரித்திரத்தைப் பற்றி நாட்டின் பிரதமரே பேசியிருக்கிறார். 2014 அக்டோபர் 25-ம் தேதி பம்பாயில் ரிலையன்ஸ் குழுமத்தின் ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்த பிரதமர் மோடி, மனித உடம்பில் யானைத் தலையைப் பொருத்திய பிளாஸ்டிக் சர்ஜன் அந்தக் காலத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று விநாயகரைச் சுட்டிக்காட்டிப் பேசினார். கோடீஸ்வரர் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு புராணத்தைச் சரித்திரம் என்றார். கும்பிடுகிறவர் கும்பிடட்டும், அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் புராணத்தைக் காட்டி உண்மைச் சரித்திரத்தை மூடாதீர்கள். ஏனென்றால் உண்மைச் சரித்திரம் உழைப்பாளியின் சரித்திரம்.

சுசுருத சம்ஹிதை என்ற பழைய வைத்திய நூலில், கன்னத்துத் தோலைக் கொண்டு அறுந்த மூக்கைச் சீர்செய்யும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. நாம் மறுக்கவில்லை, பெருமைதான். ஆனால் இரத்தத்தையும் சீழையும் தீட்டு என்று ஒதுக்கிய சமூகத்தில் இந்தக் கலையை நூற்றாண்டுகளாகக் கையில் வைத்துக் காப்பாற்றியவர்களில் யார் யார் இருந்தார்கள்?

லண்டனில் வெளியான ஒரு பத்திரிகையின் 1794 அக்டோபர் இதழைப் பாருங்கள். அதில் ஒரு கடிதம் வந்தது. கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரர், 1792-ல் முடிந்த மைசூர் யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு வண்டியோட்டினார். திப்புவின் படையிடம் பிடிபட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். யுத்தம் ராஜாக்களுடையது, கம்பெனியாருடையது. அறுந்த மூக்கு வண்டிக்காரனுடையது!

ஓராண்டுக்குப் பின் பூனா பக்கத்தில் ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். அவர் பண்டிதர் அல்ல. அரண்மனை வைத்தியரும் அல்ல. செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த மராட்டியர். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் மேல் வைத்து அளவெடுத்தார். அந்தத் தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்தார். ஆனால் புருவங்களுக்கு நடுவே ஒரு துண்டை அறுக்காமல் விட்டார். ஏன்? அந்தத் துண்டு வழியாக இரத்தம் ஓடினால்தான் தோல் உயிரோடு இருக்கும். தோலைத் திருப்பி மூக்கின் இடத்தில் ஒட்டினார். 25 நாள் கழித்து, புது இடத்திலிருந்தே இரத்தம் ஓடத் தொடங்கியபின், அந்த இணைப்பை வெட்டினார்.

இன்றைக்கும் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் காயத்தை மூடச் சதையும் தோலுமாகத் திருப்பி வைக்கிறார்களே, அதன் அடிப்படை இதுதான்: இரத்த ஓட்டத்தை அறுக்காதே! சேற்றைப் பிசைந்த கை கண்டுகொண்ட உண்மை இது. அந்தக் கடிதத்தைப் படித்த பின்னர்தான் லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் இதே முறையில் ஆபரேஷன் செய்து, 1816-ல் புத்தகம் போட்டார். அவர் பெயர் புத்தகத்தில் நிற்கிறது. செங்கல் அறுத்தவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

யுத்தத்துக்குப் பணம் இருந்தது

அதன்பின் இந்த வைத்தியம் வேகமாக வளர்ந்தது எப்போது? முதல் உலக யுத்தத்தில். ஏகாதிபத்தியங்கள் சந்தைக்காகவும் காலனிகளுக்காகவும் மோதிக்கொண்டன. விவசாயி மகனும் தொழிலாளி மகனும் பதுங்குகுழியில் முகம் சிதைந்து கிடந்தார்கள். இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் 1917-ல் இதற்கென்றே ஒரு ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஹெரால்ட் கில்லிஸ் தலைமையில் அங்கே 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. ருஷ்யாவின் ஒடெஸ்ஸா நகரத்தில் பிலாடோவ் என்ற கண் டாக்டர், தோலைக் குழாய்போலச் சுருட்டி, உயிரோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகும் முறையை 1916-லேயே செய்து பார்த்தார். கில்லிஸும் தனியாக அதே முறையைக் கண்டார்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று. சர்க்கார் மனம் வைத்தால் ஒரு வருஷத்தில் ஆஸ்பத்திரி எழும்புகிறது, டாக்டர்கள் வருகிறார்கள், புதுப்புது முறைகள் பிறக்கின்றன. யுத்தத்தில் சிதைந்த முகத்துக்கு அப்படிச் செய்ய முடிந்தது. உற்பத்தியில் சிதைந்த கைக்கு ஏன் முடியாது?

ஷாங்காய் காட்டிய வழி

முடியும் என்று ஒரு நாடு காட்டியது. 1963 ஜனவரியில் ஷாங்காய் நகரத்தில் ஒரு ஃபாக்டரியில் பிரஸ் மெஷினில் சிக்கி ஓர் இளம் தொழிலாளியின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே முழுவதும் துண்டாகிவிட்டது. ஆளும் கையும் ஆறாவது மக்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். சென் ஜோங்வெய் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் எலும்பைச் சேர்த்தார்கள். இரத்தக் குழாய்களை இணைத்தார்கள். தசைநாரையும் நரம்பையும் தைத்தார்கள். வெளுத்துக் கிடந்த கையில் இரத்தம் ஓடியது. அந்தக் கை பிழைத்தது. மீண்டும் வேலை செய்தது. பிரதமர் சௌ என்லாய் அந்த டாக்டர்களையும் தொழிலாளியையும் நேரில் சந்தித்துப் பாராட்டினார்.

அதற்கு முந்திய வருஷம், 1962-ல், அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் ஒரு சிறுவனின் துண்டான புஜத்தை ஒட்டியிருந்தார்கள். அதையும் சொல்ல வேண்டியதுதான் நியாயம். விஞ்ஞானம் எந்த ஒரு நாட்டின் ஏகபோகமும் அல்ல. ஆனால் ஷாங்காய்ச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது, அன்று அது பணக்கார நாடு அல்ல என்பது. பஞ்சத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த நாடு. அங்கே ஒரு சாதாரண பிரஸ் ஆபரேட்டரின் கை, பிரதமரே வந்து பார்க்கத்தக்க தேசிய விஷயமாக இருந்தது. இங்கே அது ஆஜர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்கிற விஷயம்!

நம் மண்ணில் முடியாதா?

"இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும்" என்று சிலர் கையை விரிப்பார்கள். பொய்! நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் பிற்பகுதியில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். வேலை செய்கிற ஒரு தசைநாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய வைத்தார். குஷ்டத்தில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி போனதால் சூடும் காயமும் தெரியாமல் சிதைந்து போகிறது என்று எடுத்துக் காட்டினார். கை நிமிர்ந்தவர்களுக்குத் தச்சு வேலை முதலியன கற்றுக்கொடுத்தார். ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்துவிடவில்லை. அந்தக் கைக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார்.

சென்னையில் ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப்பிரிவு வளர்த்தார். ஹார்பரிலும் வடசென்னை ஆலைகளிலும் உழைப்பவர்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி அது. 2018 பிப்ரவரியில் அதே ஆஸ்பத்திரியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒரு கட்டிடத் தொழிலாளிக்கு, இறந்தவர் ஒருவரின் கைகள் பொருத்தப்பட்டன. தனியார் ஆஸ்பத்திரி அல்ல, சர்க்கார் ஆஸ்பத்திரி! ஆக, திறமை இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. நம் சர்க்கார் டாக்டர்களின் கையில் அது இருக்கிறது.

அப்படியானால் எது இல்லை? அந்தத் திறமை தொழிலாளி இருக்கும் இடத்தில், தொழிலாளிக்கு வேண்டிய நேரத்தில் இல்லை!

கடிகாரம் ஓடுகிறது

துண்டான உறுப்பு காத்திருக்காது. சதை நிறைந்த கை, முன்கை என்றால் குளிரூட்டாமல் சுமார் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. விரலில் சதை குறைவு. சரியாகக் குளிரவைத்தால் அதைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள இரத்தக் குழாயை, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். அதற்குப் பழகிய டாக்டர் வேண்டும்; நர்ஸ் வேண்டும்; தியேட்டர் வேண்டும்.

ராத்திரி ஷிப்டில் பவர் பிரஸ்ஸில் கை போனவருக்கும், கதிரடிக்கும் மெஷினில் கை போன விவசாயத் தொழிலாளிக்கும் அந்த ஆறு மணி நேரம் எப்படிக் கழிகிறது? முதலில் மானேஜர் முதலாளிக்குப் போன் செய்கிறார். "போலீஸ் கேஸ் ஆகாமல் பார்த்துக்கொள்" என்று உத்தரவு வருகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளி என்றால் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று அப்போதுதான் தேடுகிறார்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார்கள். ஜில்லா ஆஸ்பத்திரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுகிறார்கள். விடிகிறபோது கை கறுத்துவிடுகிறது. பிறகென்ன? 'கையை வெட்டுவதைத் தவிர வழியில்லை.'

இந்தக் கை மெஷினால் மட்டும் போனதா? இல்லை. பாதி மெஷினில் போயிற்று. மீதி வழியில் போயிற்று!

ஆகவே ஒவ்வொரு மில் கிளையிலும் ஒவ்வொரு கிராமச் சங்கத்திலும் தோழர்கள் இதை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்:

1. இரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கையை உயர்த்தி வையுங்கள். காப்பிப் பொடி, சாம்பல், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள்.

2. துண்டான விரலையோ கையையோ தேடி எடுங்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். உறுப்பு நேராக ஐஸில் படக் கூடாது. பட்டால் உறைந்து கெட்டுவிடும்.

3. தோலில் ஒட்டிக்கொண்டு தொங்கும் பகுதியை அறுத்து எறியாதீர்கள். அந்தச் சிறு தோலில்தான் உயிர் ஓடிக்கொண்டிருக்கலாம்.

4. தீப்பட்டால் 20 நிமிஷம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். இங்கியும் பற்பசையும் வைத்தியம் அல்ல.

5. விபத்து நடந்த இடம், நேரம், மெஷின் ஆகியவற்றை அன்றே எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்குங்கள். "மாடிப்படியில் விழுந்தான்" என்று ரிஜிஸ்டரில் எழுத விடாதீர்கள்.

கவனக் குறைவாம்!

முதலாளிகளின் வழக்கமான பல்லவி ஒன்று உண்டு: "தொழிலாளி கவனக் குறைவாக இருந்தான்." பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவரின் கண் சொருகினால் அது கவனக் குறைவா, கொள்ளை லாப வெறியா? மூடி போட்டால் உற்பத்தி குறைகிறது என்று மெஷின் மூடியைக் கழற்றி மூலையில் போட்டது யார்? ஓடும் மெஷினிலேயே சுத்தம் செய்யச் சொன்னது யார்?

1948-ம் வருட ஃபாக்டரி சட்டத்தின் 21-வது பிரிவு, ஆபத்தான மெஷின் பாகங்களுக்கு அடைப்புப் போட வேண்டும் என்றது. சட்டம் இருந்தபோதே அதை மீறினார்கள். 2020-ல் வந்த தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்போ, மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 10 பேரிலிருந்து 20 பேராக உயர்த்தியது. பிரஸ் மெஷின்கள் நெருக்கிக் கிடக்கிற சிறிய பட்டறைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பத்து, பன்னிரண்டு, பதினைந்து. சரியாக அவர்களைத்தான் தொழிற்சாலை என்ற கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள்! இன்ஸ்பெக்டருக்கு 'இன்ஸ்பெக்டர் மற்றும் வசதி செய்து கொடுப்பவர்' என்று புதுப் பெயரும் சூட்டினார்கள். யாருக்கு வசதி, தோழர்களே?

வயற்காட்டின் நிலைமை இதைவிட மோசம். கதிரடிக்கும் மெஷின்களில் கை இழந்தவர்கள் பெருகியதால் 1983-ல் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உழைப்பவருக்கு நஷ்டஈடு உண்டு என்று அதில் எழுதினார்கள். எந்தக் கிராமத்தில் எந்தப் பண்ணையாருக்கு அந்தச் சட்டத்தின் பெயராவது தெரியும்? கை போன கூலியாளுக்குக் கோயில் திருவிழாவில் ஒரு வேட்டி. அதோடு கணக்குத் தீர்ந்தது!

பட்டாசுத் தொழிலாளியின் கதையையும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிக்கு அருகே முதலிபட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களின் எண்ணிக்கையைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. வெந்து பிழைத்தவர்களை யார் எழுதுகிறார்கள்? தீப்புண் ஆறும்போது தோல் சுருங்குகிறது. கழுத்து நெஞ்சோடு ஒட்டுகிறது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. முழங்கை மடங்கியபடியே நின்றுவிடுகிறது. ஆரம்பத்திலேயே புதுத்தோல் ஒட்டி, சிம்பு கட்டி, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடந்தால் வீட்டில் உலை எப்படி ஏறும்? ஆகவே அந்தப் பெண் பாதியில் திரும்புகிறாள். ஒட்டிய விரல்களோடு வாழ்கிறாள்.

கிரகணத்தின் மேல் பழி

பிறவியிலேயே குறையோடு வரும் குழந்தைகளைப் பாருங்கள். உலகத்தில் சுமார் 700 பிள்ளைகளுக்கு ஒன்று உதடோ அண்ணமோ பிளந்து பிறக்கிறது. சுமார் 1,000-க்கு ஒன்று பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கிறது. உடனே தாயின் மேல் பழி! "கிரகணத்தன்று காய் நறுக்கினாள்", "பூர்வ ஜன்ம பாவம்" என்கிறார்கள். கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் முகத்தின் இரு பக்கமும் வளர்ந்து சேர வேண்டியது சேராததால் உதடு பிளக்கிறது. சூரியனும் சந்திரனும் குற்றவாளிகள் அல்ல. அந்தத் தாயும் அல்ல.

பிளந்த உதட்டைச் சில மாதக் குழந்தையிலேயே தைத்துவிடலாம். அண்ணத்தைப் பேச்சு வருமுன், ஒன்றரை வயதுக்குள் மூடினால் பேச்சு தெளிவாக வர வழி உண்டு. வளைந்த பாதத்துக்கு ஸ்பெயின் நாட்டில் பிறந்த டாக்டர் பொன்செட்டி கண்ட முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, தேவைப்பட்டால் குதிகால் தசைநாரில் சிறு வெட்டு மட்டும் போட்டு நிமிர்த்தலாம். பிறகு சில வருஷம் ராத்திரியில் விசேஷச் செருப்பு.

இலவசமாகச் செய்கிறோம் என்று தர்ம ஸ்தாபனங்கள் போஸ்டர் ஒட்டுகின்றன. குழந்தை சிரித்தால் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் 'இலவசம்' என்பது பாதிதான். வாராவாரம் மாவுக்கட்டுக்குப் போகும் நாற்று நடும் பெண்ணுக்கு வாராவாரம் ஒரு நாள் கூலி போகிறது. பஸ் சார்ஜ் யார் கொடுப்பது? மற்றப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? ஐந்தாவது வாரம் அவள் வராவிட்டால் "படிப்பறிவில்லாத ஜனங்கள்" என்று திட்டுகிறார்கள். அறிவு அல்ல அவளிடம் இல்லாதது. ஒரு நாள் கூலி! குழந்தையின் உரிமையைத் தர்மப் பிச்சையாக்கிவிட்டு, வாங்க வரவில்லை என்று குற்றமும் சாட்டுகிறார்கள்.

ஒரே கத்தி, இரண்டு உலகம்

மறுபக்கம் பாருங்கள். நகரத்துப் பெரிய சாலைகளில் விளம்பரப் பலகைகள்: மூக்கை எடுப்பாக்குகிறோம், கன்னத்துச் சுருக்கத்தை எடுக்கிறோம், வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சுகிறோம், வழுக்கையில் மயிர் நடுகிறோம்! அதுவும் பிளாஸ்டிக் சர்ஜரிதான். அதே கத்தி, அதே ஊசி, அதே படிப்பு. சர்க்கார் கல்லூரியில் மக்கள் வரிப்பணத்தில், ஏழைகளின் காயங்களில் பழகிய கை, எங்கே பணம் இருக்கிறதோ அங்கே இழுக்கப்படுகிறது. டாக்டர்களைத் தனித்தனியாக நாம் பழிக்கவில்லை. ராப்பகலாக மைக்ராஸ்கோப்பின் முன் குனிந்து தொழிலாளியின் விரலைக் காப்பாற்றும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் மதிப்புக்குரியவர்கள். குற்றம் அமைப்பினுடையது. வைத்தியத்தைச் சரக்காக்கிச் சந்தையில் வைத்தால், அறுந்த கைக்கு முன்னால் சுருக்கம் விழுந்த கன்னம் வரிசையில் நிற்கும்!

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். இ.எஸ்.ஐ. என்பது யாருடைய பணம்? தொழிலாளியின் சம்பளக் கணக்கிலிருந்து பிறந்த பணம். 2019 ஜூலையில் அதில் முதலாளிகளின் பங்கை 4.75 சதவீதத்திலிருந்து 3.25 சதவீதமாகக் குறைத்தார்கள். முதலாளிகளுக்கு ஒன்றரை சதவீதம் மிச்சம் பிடித்துக் கொடுக்கப் பணம் இருந்தது; கையை ஒட்டும் தியேட்டருக்கு மட்டும் இல்லையா?

2021-ல் தமிழக அரசு 'நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவச சிகிச்சை என்பது திட்டம். நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் நியாயம் கேட்கிறோம்: சாலையில் சிந்தினால்தான் இரத்தமா? ஆலையில் சிந்தினால் தண்ணீரா?

நமது கோரிக்கைகள்

ஒவ்வொரு சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் ராப்பகல் விழித்திருக்கும் கைக்காய, தீக்காயச் சிகிச்சைக் குழு வேண்டும்.

சாலை விபத்துக்குத் தரும் அவசர இலவச சிகிச்சை ஆலை, வயல், குவாரி, பட்டாசு விபத்து அனைத்துக்கும் வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு கை பழகும் மாதங்களுக்கு முழுக் கூலி வேண்டும். குணமானதும் அதே ஆலையில் அந்தக் கைக்கு ஏற்ற வேலை வேண்டும்.

காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு முதல் நாளே இ.எஸ்.ஐ. கார்டு வேண்டும். விபத்துக்கு ஆலை முதலாளியே நேரடிப் பொறுப்பு.

கதிரடிக்கும் மெஷின் வைத்திருப்பவர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதைக் களத்தில் இறக்கக் கூடாது.

மூடி இல்லாத மெஷினில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். பாதுகாப்புக் கமிட்டியில் தொழிற்சங்கத்துக்கு இடம் வேண்டும்.

குறையோடு பிறந்த குழந்தையைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் தாய்க்குக் கூலியும் பஸ் கட்டணமும் சர்க்கார் தர வேண்டும்.

இவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. 1793-ல் ஒரு செங்கல் தொழிலாளியால் மெழுகுத் தகட்டையும் கத்தியையும் வைத்துக்கொண்டு ஒரு வண்டிக்காரரின் முகத்தைத் திருப்பித் தர முடிந்தது என்றால், இத்தனை ஆஸ்பத்திரிகளும் இத்தனை டாக்டர்களும் உள்ள நாட்டில் ஒரு தொழிலாளியின் விரலைத் திருப்பித் தர முடியாதா? முடியும். தர வைக்க வேண்டும். தானாக யாரும் தரமாட்டார்கள்.

தோழர்களே! வருகிற கேட் மீட்டிங்கில் இதைப் பேசுங்கள். கிராமச் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். உங்கள் ஊரிலிருந்து கைக்காயத்துக்கு ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி எத்தனை மணி நேர தூரம் என்று கணக்கெடுத்துச் சங்கப் பலகையில் எழுதிப் போடுங்கள். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போவோம்.

விரலுக்கு விலை பேசட்டும் முதலாளி வர்க்கம். நாம் கேட்பது விலை அல்ல, விரல்!